செயின்ட் ஜைல்ஸில் ஆர்கைலையும் பார்த்துவிட்டு வாருங்கள்

எடின்பரோவின் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்துக்குப் போகிறவர்களில் பலர் மான்ட்ரோஸ் கோமகனின் சமாதியைக் கண்டு, திசில் சிற்றாலயத்தின் மரச் செதுக்கல்களில் மயங்கி, அப்படியே வெளியே வந்துவிடுகிறார்கள். எதிர்ப்பக்கத்தில், 17ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்தில் மான்ட்ரோஸின் அரசியல் எதிரியாக இருந்த ஆர்கைல் கோமகனின் நினைவிடம் இருக்கிறது. அதைப் பார்க்காவிட்டால் பாதி தரிசனம்தான்.

வேவர்லி ரயில் நிலையத்திலிருந்து மேடேறி நடந்தாலே போதும், வண்டி தேவையில்லை. நேரே உள்ளே நுழையாமல், ஆலயத்தின் கிழக்கே உள்ள மெர்கட் கிராஸ் என்ற பழைய சந்தைச் சதுக்கத் தூணருகே தொடங்குங்கள். இன்றுள்ள மண்டபம் 1885இல் கட்டியது. மான்ட்ரோஸை 1650 மே 21 அன்று மெர்கட் கிராஸில்தான் தூக்கிலிட்டார்கள். 1661 மே 27 அன்று ஆர்கைலின் தலையை வெட்டியதும் அங்கேதான். வெட்டிய கருவி, கில்லட்டின் போன்ற ‘மெய்டன்’. சேம்பர்ஸ் தெரு அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

பிறகு மேற்கு வாசலுக்கு வாருங்கள். தரையில் கற்களால் பதித்த இதய வடிவம் தெரியும். 1817இல் இடித்த டோல்பூத் சிறை நின்ற இடம் அது. உள்ளூர்க்காரர்கள் அதன்மேல் துப்புவது வழக்கம். புனிதச் சின்னம் என்று நினைத்துக் குனிந்து தொட்டுவிடாதீர்கள். அந்தச் சிறையின் ஈட்டிமுனையில்தான் மான்ட்ரோஸின் தலை ஏறக்குறைய பதினோரு ஆண்டுகள் இருந்தது. 1661 தொடக்கத்தில் அதை இறக்கி, மே 11 அன்று அரச மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அதே மாதத்தில் அதே முனையில் ஆர்கைலின் தலையை ஏற்றினார்கள்.

மேற்கு வாசல் வழியே நுழைந்தால் ஆர்கைல் இடப்பக்கம், செயின்ட் எலோய் சிற்றாலயத்தில். மான்ட்ரோஸ் வலப்பக்கம் சற்று உள்ளே, செப்மன் சிற்றாலயத்தில். நினைவிடங்கள் முறையே 1895, 1888இல் எழுந்தவை. இரண்டிலும் படுத்த கோலத்தில் சிலை. முதலில் ஆர்கைலிடம் போங்கள். அரசனின் தலையில் முடி சூட்டினேன், அவனோ தன் முடியைவிட மேலான முடிக்கு என்னை விரைந்து அனுப்புகிறான் என்ற பொருளில் அவர் சொன்னது கல்லில் பொறித்திருக்கிறது. வெறும் வாய்ச்சொல் இல்லை: 1651 ஜனவரி 1 அன்று ஸ்கோனில் இரண்டாம் சார்ல்ஸுக்கு முடி சூட்டியவர் ஆர்கைலேதான்.

இருவரும் ஒரே அணியில் தொடங்கியவர்கள். 1637 ஜூலை 23 அன்று இதே ஆலயத்தில், அரசர் முதலாம் சார்ல்ஸ் திணித்த புதிய ஜெபப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கியதும் கலகம் வெடித்தது. அதன் தொடர்ச்சியாக, திருச்சபையில் அரசரின் மாற்றங்களை எதிர்த்து எழுந்த 1638 தேசிய உடன்படிக்கையில் இருவருமே ஒப்பமிட்டார்கள். உடன்படிக்கையின் பெயரால் ஆர்கைல் ஆட்சியையே கைக்குள் போட்டுக்கொள்கிறார் என்று சந்தேகப்பட்ட மான்ட்ரோஸ் அரசர் பக்கம் போனார். 1644, 1645இல் வரிசையாக ஆறு வெற்றிகள். இன்வர்லோக்கிப் போரில் ஆர்கைலின் கேம்ப்பெல் குலத்தார் மடிய, ஆர்கைல் படகிலேறித் தப்பினார். போர்க்களம் அவருக்கு ஒத்துவராது. சபையும் அவையும்தான் அவர் இடம். அங்கும் கடைசியில் சறுக்கினார். 1652இல், முடியாட்சியை வீழ்த்திய இங்கிலாந்தின் கிராம்வெல் தரப்பு ஆட்சிக்குப் பணிந்தார், 1659இல் லண்டன் நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1660இல், மீண்டும் அரியணை ஏறிய இரண்டாம் சார்ல்ஸை வரவேற்கப் போனவரை அப்படியே சிறைப்பிடித்தார்கள். விசாரணையில் அவரை வீழ்த்தியவை, கிராம்வெல் தரப்பின் தளபதியாக இருந்த மாங்குக்கு அவரே எழுதிய கடிதங்கள்.

ஆலயத்தின் நடுவே தடித்த நான்கு தூண்களுக்கிடையில் திருமேசை இருக்கிறது, சுற்றிலும் நாற்காலிகள். இரண்டு நினைவிடங்களையும் பார்த்தபின் இங்கே உட்கார்ந்து 133ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுவதைப் பாடும் அந்த மூன்று வசனங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

அனுமதிக் கட்டணம் கிடையாது, காணிக்கை விருப்பம்போல். ஞாயிறு காலை ஆராதனைக்கு வருகிறவர்கள் வரலாம்; அந்த நேரத்தில் சுற்றிப் பார்க்க முடியாது. வார நாளில் கதவு திறந்ததும் போனால் சிற்றாலயங்களில் நெரிசல் இருக்காது.

ஒன்று கவனியுங்கள்: ஆர்கைலின் உடல் இங்கே இல்லை. அது ஹோலி லோக் கரையிலுள்ள கில்மன் ஆலயத்தில் இருக்கிறது. தலையையும் 1664இல் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கிளாஸ்கோவிலிருந்து கூரக் வரை ரயில், டனூனுக்குப் படகு, அங்கிருந்து சாலை வழி. குளிர்காலத்தில் கல்லறை மண்டபம் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.