தொட்ட பிறகு என்ன செய்வது?

தொழுநோயாளியை இயேசு தொட்ட சம்பவத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. மாற்கு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் அவர் மனதுருகிக் கையை நீட்டுகிறார். நம் ஆயர்களும் அந்த இடத்தில் சற்று நிறுத்தி, நாமும் அப்படித் தொட வேண்டும் என்று சொல்லி ஜெபத்துக்குப் போய்விடுகிறார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வாலிபர் சங்கத்தார் வேன் பிடித்துத் தொழுநோயாளர் இல்லத்துக்குப் போய், கேக்கும் போர்வையும் கொடுத்து, இரண்டு கீர்த்தனை பாடி, மதியச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்புகிறார்கள். அந்த வேனில் நானும் போயிருக்கிறேன். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால், தொட்ட பிறகு என்ன செய்வது என்ற கேள்வியை விடாமல் கேட்ட ஒரு விசுவாசியின் உழைப்பு நம் வேலூரிலேயே நடந்திருக்க, பிரசங்கங்களில் அவர் பெயர் அபூர்வமாகவே காதில் விழுகிறது என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே மிஷனெரி ஊழியம் செய்தவர்கள். தந்தை 1929-இல் காய்ச்சல் கண்டு அந்த மலையிலேயே இறந்தார். மகன் லண்டனில் அறுவைச் சிகிச்சை பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்து சேர்ந்தார். வந்த புதிதில், தொழுநோய் மருத்துவத்தில் பெயர்பெற்ற ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கல்பட்டை அடுத்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று வளாகத்தைச் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் விரல்கள் உள்நோக்கி மடங்கி விறைத்த கைகள். பிராண்ட் ஒரு நோயாளியின் முன் நின்று, தன் கையை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். செயலற்றுப் போனதாக அவர் நினைத்திருந்த அந்தக் கை இடுக்கிபோல் இறுகி, நகங்கள் சதையில் பதிய, வலி தாங்காமல் விடச் சொல்ல வேண்டியதாயிற்று.

இரக்கம் மட்டுமே கொண்டு வந்தவர் அத்தோடு நோயாளிக்காக ஒரு ஜெபம் செய்துவிட்டுப் போயிருப்பார். பிராண்ட் அந்த வலியையே ஒரு துப்பாக எடுத்துக்கொண்டார். விரல்களை விரிக்க முடியாத மனிதனுக்கு இவ்வளவு பிடி எங்கிருந்து வருகிறது? நோய் கையை முழுவதும் அழித்திருந்தால் முன்கைத் தசைகள் இத்தனை பலத்தோடு இருக்க முடியாது அல்லவா? பின்னர், இறந்துபோன நோயாளி ஒருவரின் உடலை ஆராய அனுமதி கிடைத்தபோது, அவரும் உடனிருந்தவர்களும் நரம்புகளை நீளவாக்கில் பிரித்துப் பார்த்தார்கள். முழங்கைக்குச் சற்று மேலே, நரம்பு தோலை ஒட்டி ஓடும் இடத்தில் வீங்கியிருந்தது. ஆழத்தில் ஓடும் இடங்களில் நன்றாகவே இருந்தது. உடலின் குளிர்ச்சியான பகுதிகளையே இந்தக் கிருமி நாடுகிறது என்பதால் எந்தத் தசை செயலிழக்கும், எது தப்பும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். தப்பிய தசையின் தசைநாண் ஒன்றை, அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நாரை எடுத்து, வழி மாற்றி, செயலிழந்த விரல்களோடு இணைத்தால் கை மீண்டும் திறக்கும். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, அறுத்தால் ஆறாது என்ற எண்ணம் மருத்துவர்களிடையே இருந்த காலம் அது. அறுத்த கைகள் மற்றவர்களுக்கு ஆறுவதுபோலவே ஆறின.

விரல்கள் திறந்துவிட்டதோடு கதை முடியவில்லை. கை நேரான ஒருவர் திரும்பி வந்து, இந்தக் கைகளைக் காட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை, வேலை கேட்டுப் போனாலும் யாரும் கொடுப்பதில்லை என்று முறையிட்டதைப் பிராண்ட் பிற்காலத்தில் சொல்வதுண்டு. நன்றியை எதிர்பார்த்தவருக்கு முகம் சுருங்கியிருக்கும். ஆனால் அந்த முறையீட்டுக்குப் பதிலாகத்தான் குணமானவர்கள் தங்கி மரவேலை முதலிய தொழில்களைக் கற்க ‘புதுவாழ்வு மையம்’ கல்லூரி வளாகத்திலேயே எழுந்தது. அங்கே தங்கியவர்களை நாள்தோறும் கவனித்தபோதுதான் அடுத்த உண்மை வெளிப்பட்டது. விரல்கள் நோயால் தாமாக அழுகி விழுவதில்லை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், துருப்பிடித்த பூட்டைத் தோல் கிழியும்வரை திருகுகிறார்கள், இரவில் எலி கடித்தாலும் தூக்கம் கலைவதில்லை. இந்தக் கடைசிக் காரணம் தெரிந்த பிறகு நோயாளிகளுக்குப் பூனை கொடுத்தார்கள். திருச்சபை வரலாற்றில் பூனை வழங்கிச் செய்த ஊழியம் வேறு எங்கேனும் உண்டா என்று தெரிந்தவர்கள் சொல்லலாம்.

காலுக்கும் இதே கதைதான். நமக்கு நடக்கும்போது ஓர் இடம் வலித்தால் நம்மை அறியாமல் பாரத்தை மாற்றி வைக்கிறோம். உணர்ச்சியற்ற பாதம் ஒரே இடத்தை மிதித்து மிதித்துப் புண்ணாக்கிக்கொள்கிறது. மிகவும் மென்மையாகவும் இல்லாமல், கடினமாகவும் இல்லாமல் பாரத்தைப் பரப்பிவிடும் நுண்குமிழ் ரப்பர் செருப்பு இந்தத் தேடலில் உருவானது. இன்று எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு என்று கேட்டால் பல செருப்புக் கடைகளில் எடுத்துக் காட்டுவார்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போன என் தாயார் மருத்துவர் சொல்லி வாங்கியதும் அதுதான். வாரில்லாத பழைய செருப்பு போதும் என்று முதலில் அடம் பிடித்தார். பின்பக்க வார் இல்லாவிட்டால் கழன்று விழுவது கூடக் காலுக்குத் தெரியாது என்று விளக்கிய பிறகே மாட்டிக்கொண்டார். தொழுநோயாளிகளுக்காகத் தேடியது யார் யார் வீட்டு வாசலிலோ கிடக்கிறது.

இதில் விசுவாசத்துக்கு என்ன வேலை, அறிவியல்தானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தசைநாணை இடம் மாற்றும் முறை மற்ற நோயாளிகளுக்கு முன்பே வழக்கத்தில் இருந்தது. அதைத் தெரிந்த திறமைசாலிகள் பலர் இருந்தார்கள். இந்தக் கைகளின் முன்னால் உட்கார அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை. பணம் இல்லை, பெயர் இல்லை, தொற்றிவிடும் என்ற பயம் வேறு. ஊழியம் கொள்ள வராமல் ஊழியம் செய்ய வந்த இயேசுவின் வார்த்தையையே குறிக்கோளாக வைத்த கல்லூரியில், பிராண்டுக்கு அந்தக் காரணம் இருந்தது. விடையைக் கொடுத்தது பொறுமையான ஆராய்ச்சி. அந்த வாசலுக்கு அழைத்து வந்து அங்கேயே இருக்க வைத்தது விசுவாசம். இரண்டில் ஒன்றைக் கழித்துப் பார்த்தால் எதுவும் நடந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அவருடைய மாணவி மேரி வர்கீஸ் 1954-இல் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தபோது, உட்கார்ந்தபடியே செய்யக்கூடியது கை அறுவைச் சிகிச்சை என்று யோசனை சொன்னவரும் பிராண்ட்தான். சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைத் திருத்திய மேரி, பின்னர் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையையே நிறுவினார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இவ்வளவு நடந்த நாட்டில், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தில் தொழுநோய் ஒரு காரணமாக 2019 வரை இடம்பெற்றிருந்தது. இந்து, முஸ்லிம் திருமணச் சட்டங்களிலும் அப்படியே இருந்து, நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒரே திருத்தத்தால் எல்லாவற்றிலிருந்தும் நீங்கியது. குணமாக்கக்கூடிய நோய் என்று தெரிந்து பல பத்தாண்டுகள் கடந்த பிறகும் அந்த வரியை நீக்கச் சொல்லி எங்கள் சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியதாக எனக்கு நினைவில்லை. சபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இல்ல வருகைக்கான வேன் வாடகை மட்டும் ஆண்டுதோறும் இருக்கிறது. இந்த ஆண்டு அதோடு இன்னொன்றையும் சேர்க்கக் கேட்டிருக்கிறேன்: இல்லத்தில் இருப்பவர்களில் யார் யாருக்குப் புதுச் செருப்பு வேண்டும் என்று போவதற்கு முன்பே விசாரித்து, பாத அளவு எடுத்துவிட வேண்டும்.