இருட்டு சீக்கிரம் வர்ற நாட்டுல ஒரு வயர் கூடை

நாங்க இந்த நாட்டுக்கு வந்து இது மூணாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்துல நான் கையால உருப்படியா ஒண்ணுமே செய்யல. ஆசை இல்லாம இல்ல. வரும்போதே சூட்கேஸ்ல துணிக்கு நடுவுல மூணு ரோல் கூடை வயர், ஒரு டப்பா நிறைய பட்டு நூல், எம்ப்ராய்டரி ஃப்ரேம் ரெண்டு, ஊசி, பாசி எல்லாம் பொத்தி பொத்தி கொண்டு வந்தேன், எடை கூடுதுன்னு ரெண்டு புடவையை வெளில எடுத்துட்டு தான் அந்த வயரை உள்ள வெச்சேன். ஆனா வந்து இறங்கினதும் எல்லாம் கட்டிலுக்கு அடியில போச்சு, மார்ச் வரைக்கும் பெரும்பாலும் அங்கேயே கிடந்துச்சு.

குளிருக்கு கோட்டு இருக்கு, பூட்ஸ் இருக்கு. இருட்டுக்கு தான் என்ன போட்டுக்குறதுன்னு தெரியல. நாலு மணிக்கு முன்னாடியே ஜன்னல் கறுத்துடும், வேலை முடிச்சு வீட்டுக்கு வரும்போது நடு ராத்திரி மாதிரி இருக்கும், கடிகாரத்தை பார்த்தா ஆறு கூட ஆகியிருக்காது. அதுக்கப்புறம் படுக்கப் போற வரைக்கும் நாலு மணி நேரம் இருக்கு. அந்த நாலு மணி நேரமும் ஃபோன்லயே போகும். நேரம் இல்லைன்னு யார்கிட்ட வேணா சொல்லிக்கலாம், எனக்கே தெரியும் நேரம் இருந்துச்சுன்னு.

என்ன ஆகும்னா, என்னைக்காவது மனசு வந்து கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பெட்டியை இழுத்து, சாப்பாட்டு மேசையை துடைச்சு, நூலை பரப்பி, எந்த இடத்துல விட்டோம்னு தேடி கண்டுபிடிக்கிறதுக்குள்ள கால் மணி நேரம் ஆயிடும், ஒரு பூவோட ரெண்டு இதழ் போட்டிருப்பேன், அதுக்குள்ள சாப்பாட்டு நேரம் வந்துடும், திரும்ப எல்லாத்தையும் சுருட்டி உள்ள வெக்கணும். மூணு தடவை இப்படி செஞ்சேன், நாலாவது தடவை பெட்டியை இழுக்கவே இல்ல.

ரெண்டாவது குளிர்காலத்துக்கு முன்னாடி நான் செஞ்சது ஒரே ஒரு காரியம். பெட்ரூம் ஜன்னல் ஓரமா ஒரு சின்ன மேசை போட்டேன், அகலம் 60 சென்டிமீட்டர் இருக்கும், அவ்வளவு தான் இடம். இவர்கிட்ட சொன்னேன், "இந்த மேசையில எது எப்படி கெடந்தாலும் எடுத்து வெக்காதீங்க, பார்க்க அலங்கோலமா இருந்தாலும் பரவால்ல." "சரி, உன் மேசை அது, நான் தொடல"ன்னார். இன்னைக்கு வரைக்கும் தொட்டதில்ல, ஒரு கப் கூட அது மேல வெச்சதில்ல. பொண்ணுக்கு அப்போ நாலு வயசு, அதனால கத்தரியும் ஊசியும் மட்டும் மேல அலமாரியில, மத்தது எல்லாம் விட்டது விட்டபடி. ராத்திரி ஒரு பழைய பெட்ஷீட்டை மேல போர்த்திடுவேன். மறுநாள் அதை விலக்கினா வேலை எந்த இடத்துல நின்னுச்சோ அங்கேயே நிக்கும், உட்கார்ந்த அரை நிமிஷத்துல கை வேலையில இருக்கும்.

இந்த விலக்குறது, உட்கார்றது, ஆரம்பிக்கிறது, இதுக்கு நடுவுல யோசிக்க நேரமே கிடைக்கக் கூடாது, யோசிச்சா ஃபோன் ஜெயிச்சுடும். இருபது நிமிஷம் கிடைச்சா இருபது நிமிஷமும் வேலை நடக்கணும். குளிர்காலத்துல நேரத்தை எங்க இருந்தும் புதுசா கொண்டு வர முடியாது, ஆனா இடத்தை நிலையா வெச்சுட்டா நேரம் அதுவா வந்து அந்த நாற்காலியில உட்காருது, இதை நான் முழு மனசோட சொல்றேன். தனி ரூம் வேணும்னு காத்திருக்கவே காத்திருக்காதீங்க.

அடுத்தது வெளிச்சம். வாடகை வீட்டுல ரூம் நடுவுல ஒரே ஒரு மஞ்ச பல்ப் தான், அதுக்கு கீழ உட்கார்ந்தா நம்ம தலை நிழலே நம்ம கை மேல விழும். கழுத்து வளையுற மேசை விளக்கு ஒண்ணு வாங்கி இடது பக்கம் வெச்சேன், வலது கைக்காரங்களுக்கு அப்போ தான் நிழல் வேலை மேல விழாது, இடது கைக்காரங்க வலது பக்கம் வெக்கணும். பல்ப் வாங்கும்போது அட்டையில 5000 கெல்வின்னு போட்டிருக்கா, சி.ஆர்.ஐ 90-க்கு மேல இருக்கான்னு பார்த்து வாங்கினேன். சாதாரண வீட்டு பல்ப் 2700 கெல்வின் வாக்குல இருக்கும், உட்கார்ந்து பேச அது இதமா இருக்கும், நிறம் பார்க்க ஆகாது. கெல்வின்ங்கிறது வெளிச்சத்தோட நிறத்தை சொல்ற அளவு, குறைஞ்சா மஞ்ச, கூடினா வெள்ளை. சி.ஆர்.ஐ-ங்கிறது நிறத்தை எவ்வளவு உண்மையா காட்டுதுங்கிறதுக்கான அளவு, 100 தான் உச்சம்.

இதை நான் அனுபவப்பட்டு தான் கத்துக்கிட்டேன். இங்க வந்த பிறகு தான் க்ரோஷே, அதாவது கொக்கி ஊசியால நூல் பின்னுறது, புதுசா பழகினேன், 5 மில்லிமீட்டர் கொக்கி, கொஞ்சம் தடிமனான கம்பளி நூல், பொண்ணுக்கு ஒரு போர்வை போடலாம்னு. நடுவுல நூல் தீர்ந்து போச்சு, அதே கம்பெனி, அதே நிறம் போய் வாங்கிட்டு வந்து மஞ்ச வெளிச்சத்துல ஒரு வாரம் ராத்திரி ராத்திரியா போட்டேன், பதினஞ்சு வரிசை போயிருக்கும். சனிக்கிழமை காலைல ஜன்னல் கிட்ட விரிச்சு பார்த்தா கோடு கிழிச்ச மாதிரி தெரியுது, மேல பாதி ஒரு நீலம், கீழ பாதி லேசா பச்சை அடிக்கிற நீலம். கைல வெச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துட்டேன். நூலோட லேபிள்ல டை லாட்னு ஒரு நம்பர் இருக்கும், ஒரே தொட்டியில ஒண்ணா சாயம் போட்ட நூலுக்கு தான் ஒரே நம்பர் வரும், நம்பர் மாறினா நிறமும் லேசா மாறலாம். அது எனக்கு அப்போ தெரியாது. பதினஞ்சு வரிசையையும் பிரிச்சேன். அப்புறம் ரெண்டு உருண்டையையும் ரெண்டு வரிசைக்கு ஒண்ணா மாத்தி மாத்தி போட்டதும் ரெண்டு நீலமும் கலந்து போச்சு, இப்போ யாருக்கும் தெரியாது, எனக்கு மட்டும் எந்த இடம்னு தெரியும்.

அன்னைல இருந்து வேலையை ரெண்டா பிரிச்சுட்டேன், பகல் வேலை, ராத்திரி வேலைன்னு. நிறம் சேர்க்கிறது, அளந்து வெட்டுறது, டிசைன் வரையுறது, புதுசா ஒண்ணை ஆரம்பிக்கிறது, கறுப்பு, கருநீல நூல்ல எது இருந்தாலும், இதெல்லாம் சனி ஞாயிறு காலை பதினொண்ணுல இருந்து ரெண்டு மணிக்குள்ள. திரும்பத் திரும்ப ஒரே முடிச்சு, ஒரே தையல் வர்ற பகுதி எல்லாம் வார நாள் ராத்திரிக்கு. ராத்திரி களைச்ச தலையை வெச்சுக்கிட்டு முடிவு எடுக்கவே கூடாது, கை மட்டும் ஓடணும். வேற வழி இல்லாம ராத்திரி கறுப்பு நூல் தொட வேண்டி வந்தா மடியில ஒரு வெள்ளை துண்டை விரிச்சுக்குவேன், ஓட்டை ஒவ்வொண்ணும் வெள்ளையா தெரியும்.

க்ரோஷே பழகுறவங்களுக்கு இன்னொண்ணு, வீடியோ பார்த்து கத்துக்கும்போது அவங்க அமெரிக்க பேரு சொல்றாங்களா பிரிட்டிஷ் பேரு சொல்றாங்களான்னு முதல்லயே பாருங்க. அமெரிக்காவுல சிங்கிள் க்ரோஷேன்னு சொல்றதை தான் பிரிட்டன்ல டபுள் க்ரோஷேன்னு சொல்வாங்க, அமெரிக்காவுல டபுள்னா பிரிட்டன்ல ட்ரெபிள். ஒரு தொப்பி எனக்கு இதனாலயே ரெண்டு மடங்கு உயரமா வந்துச்சு. சிங்கிள்ங்கிற வார்த்தை எங்கயாவது வந்தா அது பெரும்பாலும் அமெரிக்க முறைன்னு புரிஞ்சுக்கலாம்.

இப்போ கூடைக்கு வர்றேன், இதை எழுத உட்கார்ந்ததே அதுக்காகத் தான். அம்மா கூடை போடுறதை பார்த்து வளர்ந்தவ நான், ஆனா கூடையோட அடிப்பாகத்தை போட்டு குடுத்தா மேல ஏத்துவேனே தவிர அடி நானா போட்டதே இல்ல. போன டிசம்பர்ல பிடிவாதமா அந்த வயரை எடுத்தேன். எடுத்தா கம்பி மாதிரி விறைச்சு நிக்குது. வளைச்சா வெள்ளையா கீறல் விழுது, முடிச்சு இறுக மாட்டேங்குது, விட்டா வில்லு மாதிரி பிச்சுக்கிட்டு வருது. வயர் கெட்டுப்போச்சுன்னே நினைச்சுட்டேன், கண்ணு கலங்கிடுச்சு. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன்.

"எங்கடி வெச்சிருந்த?"

"வெளிச் செவுத்து ஓரமா, கட்டிலுக்கு அடியில தான்மா."

"குளிர்ல பிளாஸ்டிக் விறைக்கும்டி, வேற ஒண்ணும் இல்ல. கை பொறுக்குற சூட்டுல தண்ணி வெச்சு முக்கி எடு. கொதிக்கிறதுல போட்டுடாத, நெளிஞ்சு போயிடும்."

ஒரு பேசின்ல வெந்நீர் வெச்சு வயரை சுருட்டி அஞ்சு நிமிஷம் போட்டேன். எடுத்து துடைச்சதும் பழைய வயர், கைக்குள்ள சொன்னபடி வளையுது. அந்த வழவழப்பும் அந்த பிளாஸ்டிக் வாசனையும் வந்ததும் நான் கொஞ்ச நேரம் பேசாம வயரை பிடிச்சுக்கிட்டே இருந்தேன், அம்மாவும் அந்தப் பக்கம் ஒண்ணும் பேசல.

அம்மா சொல்லிக் குடுக்கறதுல ஒரு சிக்கல் இருந்துச்சு. ஃபோனை எதிர்ல நிக்க வெச்சா அம்மாவோட இடது எனக்கு வலதா தெரியுது, நான் செய்யுறது அவங்களுக்கு தலைகீழா தெரியுது, ரெண்டு பேருக்கும் குழப்பம், ஒரு முடிச்சுக்கு பத்து நிமிஷம். அப்புறம் நாற்காலிக்கு பின்னாடி இருந்த அலமாரி தட்டுல ஃபோனை வெச்சு என் தோளுக்கு மேல இருந்து கை தெரியுற மாதிரி வெச்சேன். அங்க என் தம்பியும் அம்மாவுக்கு பின்னாடி நின்னு அதே மாதிரி பிடிச்சான். அதோட தீர்ந்துச்சு. பக்கத்துல உட்கார்ந்து அம்மா கையை பார்க்குற மாதிரியே இருக்கும். தூரத்துல இருந்து கைவேலை கத்துக்கறவங்க யாரா இருந்தாலும் கேமராவை தோளுக்கு மேல வெச்சு பாருங்க.

நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண்ணுன்னு டிசைன் முடிச்சு போட எல்லாம் ஆசை தான், அம்மா விடல, "முதல்ல சாதா முடிச்சு, அடி நேரா வரட்டும்"னுட்டாங்க. சாதா முடிச்சுக்கு ஒரு வயரை மடிச்சு, இன்னொண்ணை அது மேல சுத்தி, உள்ள விட்டு, ரெண்டு பக்கமும் சமமா இழுக்கணும். அந்த சமமா இழுக்கறதுல தான் எல்லாமே இருக்கு. ஒரு பக்கம் இறுக்கி ஒரு பக்கம் தளர விட்டா அடி வாழை இலை மாதிரி சுருண்டுக்கும், அதுக்கு மேல எவ்வளவு அழகா ஏத்தினாலும் கூடை நேரா நிக்காது. அடியை நான் மூணு தடவை பிரிச்சு போட்டேன். பிரிக்கும்போது ஒவ்வொரு தடவையும் வயரை திரும்ப வெந்நீர்ல போட்டா பழைய மடிப்பு ஓரளவு விட்டுக் குடுக்கும், இது நானா கண்டுபிடிச்சது, அம்மாவுக்கே தெரியாது, அவங்களுக்கு வெந்நீர் தேவைப்பட்டதே இல்லையே.

அடி முடிஞ்சா அப்புறம் எல்லாம் ராத்திரி வேலை தான். ரன்னிங் வயர், அதாவது துண்டா வெட்டாம நீளமா விட்ட வயர், சுத்தி சுத்தி மேல போகும், ஒரு ராத்திரிக்கு ஒரு சுத்து. பொண்ணு எட்டரைக்கு தூங்கிடுவா, எட்டே முக்கால்ல இருந்து ஒன்பதரை வரைக்கும் என் நேரம். ஒரு சுத்து முடிஞ்சா எழுந்துடுவேன், ஆசையா இருந்தாலும் ரெண்டாவது சுத்து போட மாட்டேன், ஏன்னா குளிர்ல விரல் விறைச்சிருக்கும்போது அழுத்தி இழுத்து முதல் மாசத்துல கட்டை விரல் மூட்டு வீங்கி பத்து நாள் எதையும் பிடிக்க முடியாம போச்சு. இப்போ உட்காருறதுக்கு முன்னாடி கையை வெதுவெதுப்பான தண்ணியில கழுவி துடைச்சுட்டு தான் ஆரம்பிக்கிறது.

ஹீட்டர் ஓடுற வீட்டுல காத்து ரொம்ப காஞ்சிடும், விரல் நுனி வெடிக்கும், அந்த வெடிப்புல பட்டு நூல் மாட்டி இழை இழையா பிரியும். கிரீம் போட்டு கால் மணி நேரம் கழிச்சு நூலை தொடணும், உடனே தொட்டா கறை. ஃப்ளீஸ் ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பட்டு நூல் வேலை செய்யாதீங்க, காஞ்ச காத்துல நூல் எழும்பி கையோட ஒட்டிக்கும், பருத்தி சட்டை போட்டுக்கிட்டா அந்த தொல்லை குறையும். பசை, அக்ரிலிக் பெயின்ட் ரெண்டையும் பால்கனியில வெக்கவே கூடாது, உறைஞ்சு திரும்ப இளகினா கட்டி கட்டியா ஆயிடலாம், ஆச்சுன்னா தூக்கிப் போட வேண்டியது தான். அக்ரிலிக் பெயின்ட் சுமார் 10 டிகிரிக்கு கீழ சரியா படியாது, ஜன்னல் விளிம்புல காய வெச்ச என் மண் ஜாடி முழுக்க வெடிப்பு விட்டுச்சு. துணி, காகிதம், கம்பளி எதையும் வெளிச் செவுத்தை ஒட்டி வெக்காம ஒரு கை அகலம் இடைவெளி விடுங்க, அங்க தான் ஈரம் கோர்த்து பூஞ்சை பிடிக்கும்.

டிசம்பர் 21 வாக்குல தான் வருஷத்துலயே குட்டிப் பகல். ஆனா சாயங்காலம் அதுக்கு சில நாள் முன்னாடியே நீள ஆரம்பிச்சிடுது, விடியல் தான் அதுக்கு அப்புறமும் சில நாள் இன்னும் தள்ளிப் போகும். மேசை ஜன்னல் பக்கத்துல இருக்கறதால தான் இதை கவனிச்சேன், விளக்கு போடுற நேரம் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு தள்ளிப் போறது தெரியும்.

கூடை இப்போ பதிமூணு சுத்து ஏறியிருக்கு. சிவப்பும் வெள்ளையும். வாயை மடக்கி, நுனியெல்லாம் உள்ள சொருகியாச்சு, கைப்பிடி மட்டும் பாக்கி. ரெண்டு கைப்பிடிக்கும் நீளம் ஒண்ணா வரணும், அதனால அது பகல் வேலை. சனிக்கிழமை பதினோரு மணிக்கு வெயில் அந்த மேசைக்கு வரும், அம்மாவும் வீடியோ கால்ல இருக்கேன்னு சொல்லியிருக்காங்க, வயரை வெந்நீர்ல போட்டு வெக்கணும்.