உழிஞையும் நொச்சியும்: பிள்ளைகளோடு பிரிட்டன் கோட்டைகளுக்குப் போவது

பிரிட்டனில் கோட்டை பார்க்கப் போகும் நம் குடும்பங்களை வாகன நிறுத்தத்திலேயே அடையாளம் காணலாம். வரும்போது உற்சாகம். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை சிணுங்கும், இன்னொன்று பிளாஸ்டிக் வாள் கேட்டு அடம் பிடிக்கும். கோட்டையையும் பிரபுக்களின் மாளிகையையும் ஒரே விதமாகப் பார்க்க முயல்வதால் வரும் வினை இது. கோட்டை காலுக்கான இடம், மாளிகை கண்ணுக்கானது. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் இரண்டுமே வீண்.

முதலில் அட்டை விவகாரம், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது அங்கேதான். பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் அமைப்புகள் இரண்டு: நேஷனல் டிரஸ்ட் வேறு, இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் வேறு. ஒன்றின் உறுப்பினர் அட்டை மற்றதில் செல்லாது. (ஸ்டோன்ஹெஞ்ச் விதிவிலக்கு. நடத்துவது இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் என்றாலும் நேஷனல் டிரஸ்ட் அட்டைக்கும் உள்ளே விடுவார்கள்.) மாளிகையும் தோட்டமும் பிடிக்கும் என்றால் நேஷனல் டிரஸ்ட். இடிந்த மதில்களும் கோட்டைகளும் என்றால் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ். இதில் ஒரு பெரியவர் அட்டைக்கு ஆறு பிள்ளைகள் வரை இலவசம், ஆகவே சித்தப்பா பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப் போகும் வீட்டுக்கு இதுதான் லாபம். இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் பார்த்துக்கொள்ளும் 400க்கு மேற்பட்ட இடங்களில் பாதிக்கு மேல் எப்படியும் கட்டணமில்லாதவை. ஆனால் அங்கே பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. வாரிக் கோட்டை, லீட்ஸ் கோட்டை (இது லீட்ஸ் நகரில் இல்லை, கென்டில் இருக்கிறது), பிளெனம் போன்றவற்றில் இந்த இரண்டு அட்டைகளும் செல்லாது. டிக்கெட்தான்.

இனி கோட்டை. நம் பழைய இலக்கணத்தில் மதிலை முற்றுவது உழிஞை, உள்ளிருந்து காப்பது நொச்சி. பிள்ளைகளுக்கு இதைவிடச் சிறந்த விளையாட்டு கிடையாது. ஒருவர் உழிஞை, மற்றவர் நொச்சி. அறிவிப்புப் பலகைகளை விட்டுவிட்டு, "இந்த இடத்தில் நீ எப்படி உள்ளே வருவாய்?" என்று மட்டும் கேளுங்கள்.

இந்த விளையாட்டுக்கு நான் முதலில் சொல்வது கிழக்கு சசெக்ஸில் உள்ள போடியம். 1385இல் கட்ட அனுமதி வாங்கியது. நான்கு பக்கமும் அகழி, நடுவில் கோட்டை. இன்று பாலம் நேராக வடக்கு வாயிலுக்குப் போகிறது, அன்று அப்படி இல்லை. மேற்குக் கரையிலிருந்து அகழிக்கு நடுவே உள்ள எண்கோணத் திட்டுக்கு வந்து, அங்கிருந்து வலப்பக்கம் திரும்பித்தான் வாயிலை அடைய முடியும். அந்தத் திட்டில் பிள்ளையை நிறுத்தி, இடக்கையில் கேடயம் பிடித்த மாதிரி நிற்கச் சொல்லுங்கள். மேற்கிலிருந்து நடந்து வருபவனுக்குக் கோட்டை வலப்பக்கம், கேடயம் இடப்பக்கம். அம்புக்கு உடம்பு முழுக்கத் திறந்து கிடக்கிறது. விளக்கம் தேவையில்லை, பிள்ளையே சொல்லிவிடும். அடுத்து வாயில் கோபுரத்துக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். மேலே விதானத்தில் ஓட்டைகள், தலையில் எதையாவது போடுவதற்கு. அங்கேயே பழைய மரக் கிராதிக் கதவும் தொங்குகிறது. மதிலில் உள்ள புழைகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள்: உள்ளே ஆள் நிற்கும் அகலம், வெளியே விரல்கடை இடுக்கு. இவ்வளவு ஏற்பாடும் உண்மையில் போருக்கா, அந்தஸ்துக்கா என்பது ஆராய்ச்சியாளர்களிடையே நீண்டகால வழக்கு. அகழியை வடித்துவிடுவது அப்படி ஒன்றும் கடினமில்லை, ஆகவே இது போருக்கல்ல என்பது ஒரு தரப்பு. பெரிய பிள்ளைகளிடம் இதையும் கேட்டுப் பாருங்கள். போடியத்தின் உட்புறம் இடிபாடு, அறைகள் அதிகம் இல்லை. இரண்டு மணி நேரம் போதும்.

சுழல் படிக்கட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அடிபடுவது அங்கேதான். படியின் உள்விளிம்பு கூம்பிப் போயிருக்கும், பாதி பாதம்கூடப் பதியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் வெளிச்சுவர்ப் பக்கம் அகலமான இடத்தில் கால் வையுங்கள். சின்னப் பிள்ளை ஏறும்போது பெரியவர் பின்னால், இறங்கும்போது முன்னால்: விழுந்தால் உங்கள் மேல்தான் விழ வேண்டும். குழந்தையை நெஞ்சில் கட்டினால் உங்கள் கால் உங்களுக்குத் தெரியாது. முதுகில் கட்டினால் குழந்தையின் தலை விதானத்தில் இடிக்கும். கைக்குழந்தை இருந்தால் ஒருவர் கீழே நிற்பதே சரி, பிறகு மாற்றிக்கொள்ளலாம். எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை, ஏறுமுன் குரல் கொடுங்கள். மழையில் கல் வழுக்கும். பலத்த காற்றடித்தால் மதில்மேல் நடைபாதையை மூடிவிடுவார்கள், காலையில் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேலே நின்று காப்பவன் வலக்கையால் வாள் வீச வசதியாகத்தான் படிகள் வலஞ்சுழியாக அமைந்தன என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும், நம்ப வேண்டாம். வேல்ஸின் கெர்நார்வன் உட்படப் பல கோட்டைகளில் இடஞ்சுழிப் படிகளும் இருக்கின்றன.

கென்டில் உள்ள டோவர் கோட்டை முழு நாள் கேட்கும். 1180களில் இரண்டாம் ஹென்றி கட்டிய பெரிய கோபுரம் ஒருபுறம். 1940இல், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து 3,38,000 படைவீரர்களை மீட்ட நடவடிக்கையை இயக்கிய சுரங்க அறைகள் இன்னொருபுறம். வந்ததும் சுரங்கத்துக்குப் போய்விடுங்கள், மதியத்துக்குமேல் வரிசை நீளும். ஏற்றம் அதிகம், தள்ளுவண்டியோடு போனால் கை கழன்றுவிடும்.

மாளிகைக்கு வருவோம். தள்ளுவண்டியைப் பெரும்பாலும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், முதுகுப் பையை முன்னால் மாட்டச் சொல்வார்கள். ஊசிக் குதிகால் செருப்பு வேண்டாம், பழைய மரத்தளம் பள்ளமாகிவிடும். உள்ளே இருட்டாக இருக்கிறதே, விளக்குப் போட மாட்டார்களா என்று எல்லோரும் கேட்பார்கள். வெளிச்சம் பட்டுத் துணியின் சாயத்தைத் தின்றுவிடும், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அதனால் துணிகள் உள்ள அறைகளில் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்கு வெளிச்சத்தைக் கட்டுப்படுத்துவார்கள். வாசலைத் தாண்டியதும் ஓரமாக இரண்டு நிமிடம் நில்லுங்கள், கண் பழகிவிடும்.

நாற்காலிகளைக் கவனியுங்கள். சிலவற்றின் மேல் ஒரு பைன் காய் இருக்கும், அல்லது முள் நிறைந்த காய்ந்த பூ. உட்காராதே என்று பலகை வைப்பதற்குப் பதில் இந்த ஏற்பாடு. "எத்தனை பைன் காய்?" என்று எண்ணச் சொன்னால் பிள்ளைகள் ஒவ்வொரு அறையையும் துழாவுவார்கள், எதையும் தொடவும் மாட்டார்கள்.

சமையலறையும் வேலைக்காரர் பகுதியும் வழக்கமாகக் கடைசியில் வரும். அதற்குள் பிள்ளைகள் ஓய்ந்திருப்பார்கள். முதலில் அங்கே போகலாமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் விடுவார்கள். மேற்கு சசெக்ஸில் உள்ள பெட்வர்த் மாளிகையில் சமையலறை தனிக் கட்டடம். தீக்கும் வாடைக்கும் பயந்து தள்ளி வைத்தார்கள், சாப்பாடு சுரங்க வழியாகப் போனது. செப்புப் பாத்திரங்கள் மட்டும் ஆயிரத்துக்கு மேல். வேல்ஸில் ரெக்ஸம் அருகே எர்டிக் மாளிகையில் எஜமானர்கள் வேலைக்காரர்களின் ஓவியங்களை மாட்டி, ஒவ்வொருவர் மேலும் பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

வெளியே வந்தால் புல்வெளி. அங்கே ஓர் ஆபத்து உண்டு, பெயர் ஹா-ஹா. மாடு உள்ளே வராமலும் ஜன்னலிலிருந்து பார்த்தால் வேலி தெரியாமலும் இருக்கத் தோண்டிய பள்ளம், ஒருபக்கம் செங்குத்துச் சுவர். வீட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவரும் பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. பந்தை எடுக்குமுன் ஹா-ஹா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் பூங்காவில் சாப்பிடத் தடையில்லை, அடுப்பு மூட்டத்தான் விட மாட்டார்கள். அஞ்சல் குறியீட்டை நம்பி ஓட்டினால் எஸ்டேட்டின் பின்வாசலில் கொண்டுபோய் விடும், கடைசி இரண்டு மைலுக்குப் பழுப்பு நிறப் பலகைகளைப் பாருங்கள். குளிர்காலத்தில் தோட்டம் திறந்திருந்தாலும் பல வீடுகள் பூட்டியிருக்கும்.

ஒரே ஒரு மாளிகைக்குத்தான் நேரம் என்றால் வேல்ஸில் வெல்ஷ்பூல் அருகே பவிஸ். கோட்டையாக இருந்து மாளிகையான இடம், நேஷனல் டிரஸ்ட் பராமரிப்பு. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னர். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது அவர் காலத்தில்தான். திப்புவின் பூப்போட்ட சீட்டித்துணிக் கூடாரமும் அவர் அரியணையின் தங்கப் புலித்தலை ஒன்றும் இங்கேதான் இருக்கின்றன. நம் ஊர்ப் பொருள் இங்கே எப்படி வந்தது என்று பிள்ளை கேட்கும். பதிலை முந்தைய இரவே யோசித்து வையுங்கள். தோட்டத்தின் அடுக்கு மேடைகள் செங்குத்து, அதனால் இந்தப் பொருட்கள் உள்ள கிளைவ் அறையை முதலில் முடித்துவிட்டு இறங்குங்கள்.