அடைமழைக்குத் தைலமும் மாத்திரையும்: எது எதற்கு, எவ்வளவு

ஐப்பசி அடைமழை நாலு நாள் விடாமல் பிடித்தால் போதும், கும்பகோணம், மன்னார்குடி, திருவாரூர் நாட்டு மருந்துக் கடைகளில் சுக்கும் ஓமமும் நிலவேம்புப் பொடியும் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து மெடிக்கலில் வைட்டமின் சி, ஜிங்க் மாத்திரை. இவற்றோடு இப்போது பழுப்புக் குப்பியில் எசென்ஷியல் ஆயிலும், அதாவது தாவரத்திலிருந்து எடுத்த வாசனைத் தைலமும், சேர்ந்துகொண்டது. யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், கிராம்பு, டீ ட்ரீ என்று வகை வகையாக வருகிறது. விற்பவர் சொல்வது மட்டும் ஒன்றுதான், நோய் எதிர்ப்பு சக்தி கூடும் என்று.

அப்படி ஒன்றும் கூடிவிடாது. தைலத்தை முகர்ந்தால் மூக்கடைப்பும் தலைபாரமும் கொஞ்ச நேரம் இலேசாகும். மாத்திரை, உடம்பில் ஒரு சத்து குறைந்திருந்தால் அந்தக் குறையை நிரப்பும். குறை இல்லாதவருக்குப் புதிதாக ஒன்றும் ஏற்றாது. இந்த அளவுக்கு எதிர்பார்த்து, அளவறிந்து பயன்படுத்தினால் இரண்டுக்கும் வீட்டில் இடம் உண்டு.

முதலில் ஆவி பிடிப்பது. டெல்டாவில் அதற்கு நொச்சிதான். வாய்க்கால் கரையிலும் வேலியோரத்திலும் தானாக வளர்ந்து நிற்கும். இரண்டு கைப்பிடி இலையை அலசி, இரண்டு லிட்டர் தண்ணீரில் போட்டு, மூடி வைத்து ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். மூடாமல் கொதித்தால் வாசனை எல்லாம் அடுப்படியிலேயே போய்விடும். இறக்கிய பிறகு பாத்திரத்தைத் தரையில் வையுங்கள். ஸ்டூலிலோ கட்டிலிலோ மடியிலோ வேண்டாம். இரண்டு நிமிடம் ஆறவிட்டு, முகத்துக்கும் தண்ணீருக்கும் ஒரு அடி இடைவெளி விட்டு, கண்ணை மூடிக்கொண்டு போர்வைக்குள் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். செங்கல் துண்டைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆவி அதிக நேரம் வரும் என்பது உண்மை. ஆனால் கல் விழும் வேகத்தில் தண்ணீர் முகத்தில் தெறிக்கும், சில நேரம் கல்லே வெடிக்கும். விட்டுவிடுவது நல்லது.

நொச்சி கிடைக்காத இடத்தில் யூகலிப்டஸ் தைலம். இரண்டு லிட்டருக்கு மூன்று சொட்டு போதும். மூடியால் அளந்து ஊற்றுகிறவர்கள்தான் கண் எரிகிறது, தொண்டை அடைக்கிறது என்று போர்வையை உதறிவிட்டு எழுந்திருக்கிறார்கள். தைலம் தண்ணீரில் கரையாது. மேலே படலமாக மிதக்கும். கொதிநீரில் மொத்தமாக விட்டால் முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பகுதி ஆவியாகி முகத்தில் அடிக்கும், பிறகு வெறும் வெந்நீர்தான். தண்ணீர் சற்று ஆறிய பின் ஒரு சொட்டு, இரண்டு நிமிடம் கழித்து இன்னொன்று என்று விட்டால் கடைசி வரை வாசனை நிற்கும். மின்சார ஆவிக் கருவியின் தொட்டியில் தைலம் விடக் கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். ஒரு பஞ்சில் ஒரு சொட்டு விட்டு ஆவி வெளியே வரும் வாயருகே வைத்தால் போதும். ஆஸ்துமாவுக்கு வைத்திருக்கும் நெபுலைசரில் எந்த எண்ணெயையும் விடவே கூடாது. எண்ணெய் நுரையீரலில் தங்கி நிமோனியாவைக் கொண்டுவரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் போர்வை ஆவியே வேண்டாம். பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்து ஆஸ்பத்திரிக்கு வருவது அவர்கள்தான். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு யூகலிப்டஸ், கற்பூரம், மென்தால் எதுவும் கூடாது. நெஞ்சில் தடவவும் கூடாது, கைக்குட்டையில் விட்டு முகரவும் வைக்கக் கூடாது. கற்பூரத்தைத் துணியில் முடிந்து தொட்டிலில் கட்டுவதும் சரியல்ல. பிள்ளை அந்த முடிச்சை வாயில் வைக்காமல் இருக்காது. ஒரு கிராம் கற்பூரமே சிறு குழந்தையின் உயிரை எடுக்கும். அதற்கும் குறைவான அளவிலேயே வலிப்பு வரும். எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதும் பாட்டிமார் இன்னமும் இருக்கிறார்கள். அந்த எண்ணெய் நேராக நுரையீரலுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். பாட்டியிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும். கைக்குழந்தையின் மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு சொட்டு.

உடம்பில் தடவுவதானால் எசென்ஷியல் ஆயிலை அப்படியே தடவக் கூடாது, வேறு எண்ணெயில் கலக்க வேண்டும். ஒரு மில்லிக்குச் சுமார் 20 சொட்டு என்று கணக்கு. 30 மில்லி எண்ணெயில் 6 சொட்டு கலந்தால் ஒரு சதவீதம், 12 சொட்டு கலந்தால் இரண்டு. பெரியவர்களுக்கு முதுகில், நெஞ்சில் தேய்க்க இரண்டு சதவீதத்துக்கு மேல் தேவையில்லை. கிராம்பும் எலுமிச்சைப்புல்லும் தோலைப் புண்ணாக்கக் கூடியவை, அவற்றை 30 மில்லிக்கு மூன்று சொட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இலவங்கப்பட்டைத் தைலத்தைத் தோல் பக்கமே கொண்டுபோகாதீர்கள். கலக்க எந்த எண்ணெய் என்றால், மார்கழியில் நல்லெண்ணெய்தான் வசதி. விடிகாலைக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோய்ச் சொட்டு சரியாகக் கலக்காது. எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த தைலம் தடவிக்கொண்டு வயலுக்கோ களத்துக்கோ போனால், வெயில் பட்ட இடம் கறுத்துக் கொப்பளிக்கும். அதை இரவில் தடவினாலும் மறுநாள் பகல் துணியால் மூடிக்கொள்வது உசிதம்.

டிஃப்யூசர் என்று ஒரு கருவி, தண்ணீரைப் புகைபோல் தெளித்து வாசனை பரப்பும். ராஜஸ்தானில் அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். அடைமழை நாளில் நம் ஊர்க் காற்றே ஈரத்தில் நனைந்து கிடக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு அதில் மேலும் ஈரத்தை ஏற்றினால் பீரோவுக்குப் பின்னால் சுவரில் பூஞ்சை பூக்கும். அந்தப் பூஞ்சைதான் பல வீடுகளில் இழுப்பையும் தும்மலையும் கிளப்பிவிடுகிறது. வாங்கிவிட்டீர்கள் என்றால் 100 மில்லி தண்ணீருக்கு மூன்று சொட்டு, அரை மணி நேரம், ஒரு ஜன்னல் திறந்திருக்கட்டும். வீட்டில் பூனையோ லவ் பேர்ட்ஸோ இருந்தால் அதுவும் வேண்டாம், தைல ஆவி அவற்றுக்கு விஷம்.

வாங்கும்போது குப்பியில் தாவரத்தின் விஞ்ஞானப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'ஃபிராகரன்ஸ் ஆயில்' என்று இருந்தால் அது அறை வாசனைக்கான சரக்கு. வீட்டில் ஒரு சோதனை: வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். யூகலிப்டஸ் போன்ற மெல்லிய தைலம் தடமில்லாமல் பறந்திருக்கும். எண்ணெய்க் கறை வளையமாக நின்றால் சமையல் எண்ணெய் கலந்திருக்கிறது. வெட்டிவேர், சந்தனத் தைலங்கள் கனமானவை, கலப்படம் இல்லாமலே கறை விடும். அவற்றுக்கு இந்தச் சோதனை உதவாது.

ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் தைலத்தோடு விண்டர்கிரீன் தைலமும் வாங்கி வருவது வழக்கம். வலிக்குத் தேய்ப்பது, முழுக்க முழுக்க மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் உறவுக்காரன். ஒரு டீஸ்பூன் உள்ளே போனால் இருபது ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கியதற்குச் சமம். தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் இதைத் தேய்க்கக் கூடாது. மழைக்காலக் காய்ச்சலில், டெங்குவா இல்லையா என்று தெரியும் முன் உடம்புவலிக்கென்று இதைத் தேய்ப்பதும் ஆபத்துதான்.

மாத்திரைப் பக்கம் வருவோம். வைட்டமின் சி தினமும் சாப்பிட்டால் சளி பிடிக்காது என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது நிற்கவில்லை. தினசரி சாப்பிட்டு வந்த பெரியவர்களுக்குச் சளி நீடித்த காலம் சுமார் 8 சதவீதம் குறைந்தது, பிள்ளைகளுக்கு 14. அதாவது ஏழு நாள் சளி, ஆறரை நாளில் போகும். சளி பிடித்த பிறகு ஆரம்பித்தால் அந்தப் பலனும் உறுதியில்லை. ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் ஒரு நாளைக்கு வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது, இரண்டு நெல்லிக்காயிலும் அப்படியே. ஒரு நாளைக்கு இரண்டு கிராமைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு. சிறுநீரகக் கல் வந்தவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் போடுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

ஜிங்க்கில் ஏமாறுவது அட்டையைப் படிப்பதில்தான். 'ஜிங்க் சல்பேட் மோனோஹைட்ரேட் 61.8 மி.கி.' என்று போட்டிருந்தால் அதில் துத்தநாகம் 22 மில்லிகிராம் சொச்சம். உப்பின் எடையில் சுமார் 36 சதவீதம்தான் சத்து. பெரியவர்களுக்கு உணவும் மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் மேல்வரம்பு. அதைத் தாண்டி மாதக்கணக்கில் போட்டால் உடம்பில் செம்பு குறைந்து ரத்தசோகை வரும், கால் மரத்துப்போகும். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மதியச் சாப்பாட்டுக்குப் பின் போடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது.

வைட்டமின் டி-க்கு 60,000 யூனிட் கேப்ஸ்யூல். குறைபாடு இருப்பவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று டாக்டர் எழுதுவார். அதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்வது, எட்டு வாரம் முடிந்தும் பழைய சீட்டைக் காட்டி வாங்கிக்கொண்டே இருப்பது, இரண்டுமே நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, தாகம், மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகம் வரை போகும். வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும், இது கொழுப்பில் தங்கும்.

இயற்கை என்று போட்டிருக்கும் கேப்ஸ்யூல்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். குழம்பில் போடும் மஞ்சளால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமினை மிளகுச் சத்தோடு சேர்த்து அடைத்த கேப்ஸ்யூல், உடம்பில் பல மடங்கு ஏறும். அதனால் கல்லீரல் பாதித்தவர்கள் உண்டு. சீந்திலைத் தினமும் சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் அழற்சி வந்ததை மும்பை மருத்துவர்கள் 2021-ல் பதிவு செய்தார்கள். அமுக்கரா தைராய்டு மருந்தோடு ஒத்துப்போகாது, கர்ப்பிணிகளுக்கும் கூடாது. நிலவேம்புக் குடிநீருக்கும் அளவு உண்டு: ஒரு டீஸ்பூன் பொடி, 240 மில்லி தண்ணீர், 60 மில்லியாகச் சுண்டும்வரை கொதி, வடிகட்டி உடனே குடிப்பது. காலையில் போட்டதை மாலையில் சூடுபண்ணிக் குடிப்பதில் அர்த்தமில்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்கு இதனால் சர்க்கரை இறங்கலாம். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

இவ்வளவும் சளிக்கும் தொண்டைக் கரகரப்புக்கும்தான். சம்பா நடவு நேரத்தில் டெல்டாவைப் படுக்க வைப்பவை வேறு. வயல் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலந்து, காலில் உள்ள சேற்றுப்புண் வழியாக ஏறுவது எலிக்காய்ச்சல். கெண்டைக்கால் பிடித்து வலிக்கும், கண் சிவக்கும், காய்ச்சல் கொளுத்தும். இதற்கு டாக்ஸிசைக்ளின் கொடுப்பார்கள். அந்த மாத்திரையோடு ஜிங்க், இரும்பு, கால்சியம் மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் அவை மருந்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் ஏற விடாது. மருந்து முடியும்வரை சத்து மாத்திரைகளை நிறுத்திவைப்பதே எளிது.

டெங்குவுக்குக் கவனிக்க வேண்டியது தண்ணீர்த் தொட்டி. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தொட்டியின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. வாரம் ஒரு முறை உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். சிட்ரோனெல்லா போன்ற தைலத்தை எண்ணெயில் கலந்து தடவினால் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தால் பெரிது. ஏடிஸ் பகலில் கடிக்கும் என்பதால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு முழுக்கைச் சட்டைதான் உதவும். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் வேண்டாம். காய்ச்சல் விட்ட நாளில் வயிறு வலித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ, ஆள் சோர்ந்து படுத்தாலோ கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராதீர்கள்.

உண்மையிலேயே எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் ஒன்று கேட்டால், அது ஃப்ளூ தடுப்பூசி. வருடம் ஒரு முறை, புரட்டாசிக்குள் போட்டுவிட வேண்டும். வேலை செய்ய இரண்டு வாரம் பிடிக்கும். அறுபது தாண்டியவர்கள், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தைலக் குப்பிகளைச் சாமி மாடத்திலும் டிவி மேலேயும் வைக்காமல் பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், வெயில் படாமல் பூட்டி வையுங்கள். யூகலிப்டஸ் தைலம் ஒரு டீஸ்பூன் போதும் சிறு பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்த. பிள்ளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், ஏறி வரும் தைலம் நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐக் கூப்பிடுங்கள், குப்பியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன தைலம், எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைத்தான் டாக்டர் முதலில் கேட்பார்.