கட்டுக் கூலி

"வாடகை எவ்வளவு அண்ணே?" என்றுதான் வண்டிக்காரரிடம் முதலில் கேட்டேன். என்ன சாமான், எத்தனை அடி, எங்கே இறக்க வேண்டும், எதையும் சொல்லவில்லை. பேரம் பேசி 200 ரூபாய் குறைத்துவிட்டு போனை வைத்தேன். தரங்கம்பாடியில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு சைட் சூப்பர்வைசராகப் போயிருந்த முதல் மாதம் அது.

ராணி வீதியில் அந்த வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்ன செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் கட்டியது. உப்புக் காற்றும் மழை ஒழுக்கும் சேர்ந்து கட்டைகளை உளுக்கவைத்திருந்தன. மாற்றுக் கட்டைகள் பொறையாரில் ஆசாரியின் பட்டறையில் தயாராக இருந்தன. மொத்தம் 24. ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 4க்கு 6 அங்குலம். பொறையார் பக்கத்து ஊர்தானே, ஒரு குட்டியானை பிடித்தால் ஒரே நடையில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வண்டிக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கட்டைகளைப் பார்த்ததும் ஒன்றின் நுனியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "தம்பி, ஒண்ணு 35 கிலோவுக்குக் குறையாது. 24 போட்டா 800-ஐத் தாண்டிடும். இந்த வண்டி தாங்குறது 750. தொட்டி நீளமும் ஏழடிதான். ரெண்டு நடை அடிச்சாத்தான் சரி." கூடுதல் வாடகைக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக் கோபப்பட்டேன். அவர் பதிலுக்குக் கோபப்படவில்லை. "ரெண்டாவது நடைக்கு டீசல் காசு மட்டும் குடுங்க" என்றார். அப்புறம் நான் பேசவில்லை.

அவர் கட்டியதை இன்றைக்கும் அப்படியே சொல்ல முடியும். தொட்டியின் தகடு உப்பில் அரித்து ஓரமெல்லாம் ரம்பம்போல இருந்தது. அதன்மேல் முதலில் ஒரு பலகை, பலகை மேல் சாக்கு. கேபினுக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்திலும் சாக்கைச் சுற்றி, கட்டைகளின் முன்பக்கத்தை அதன்மேல் ஏற்றினார். கட்டையின் கனமான முனை முன்னால் போக வேண்டும் என்றார். கனமெல்லாம் பின்னால் இறங்கினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டீயரிங் சொன்னபடி கேட்காது. கயிறு மரத்தின் விளிம்பில் படும் இடத்திலெல்லாம் சாக்குத் துண்டை மடித்துச் செருகினார். கடைசியில் கயிற்றுக்குள் ஒரு முழம் கழியை விட்டு முறுக்கினார். கயிறு நரம்புபோல விறைத்தது. கழியின் நுனியைச் சின்னக் கயிற்றால் முடிந்துவிட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனைகளில் சிவப்புத் துணி கட்டினார். இவ்வளவுக்கும் முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

தரங்கம்பாடிக்குள் போக ஒரு வாசல் இருக்கிறது. டேனிஷ்காரர்கள் 1792இல் கட்டியது. 1620இல் கோட்டை கட்டிய நாளிலிருந்து இந்த ஊருக்குச் சரக்கு கடல் வழியாக வந்திறங்கிக்கொண்டிருந்தது. 1845இல் ஊரை ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டார்கள், துறைமுகமும் மெல்ல ஓய்ந்தது. பின்னால் மாயவரத்திலிருந்து வந்த ரயிலும் நின்றுபோனது. இன்றைக்கு இந்தப் பழைய தெருக்களுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு வேண்டுமென்றாலும் யாராவது ஒருவர் சின்ன வண்டியில் கொண்டுவந்தால்தான் உண்டு. பெரிய லாரிக்காரர்கள் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள்.

வாசலுக்கு முன்னால் அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். சட்டத்தின் மேல் ஏறியிருந்த கட்டை முனைகளையும் வாசலின் மேற்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். போக இடம் தாராளமாகவே இருந்தது. ஆனாலும் என்னைக் கீழே நின்று பார்க்கச் சொல்லிவிட்டு, நடந்து போகும் வேகத்தில்தான் ஓட்டினார். "நம்ம கட்டை தேஞ்சா வேற கட்டை வாங்கிக்கலாம் தம்பி. இந்தச் செவுத்துக்கு எங்க போறது?" என்றார். பழைய கட்டடங்களைக் காப்பாற்றும் வேலை என்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் அதைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம் என்று அன்றைக்கு அவர்தான் சொன்னார். கோட்டை பார்க்க வரும் கார்களால் ராஜ வீதி அடைத்துவிடும், வண்டியைத் திருப்ப முடியாது. மத்தியானமும் வேண்டாம், கூலியாட்களுக்கு வெறுங்கையால் மரத்தைப் பிடிக்க முடியாது. கடற்கரைப் பக்கமாகச் சுற்றலாமா என்று கேட்டேன். மணலில் சக்கரம் புதைந்தால் இழுக்க ஆள் தேடவே பொழுது போய்விடும் என்றார். இதையெல்லாம் என் வரைபடம் எதுவும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில் கணக்கு எழுத உட்கார்ந்தேன். வவுச்சரில் 'வண்டி வாடகை' என்று ஒரு வரி இருந்தது. 'ஏற்று இறக்கு கூலி' என்று இன்னொன்று, அது கூலியாட்களுக்கு. அந்த முக்கால் மணி நேரத்தை எழுத ஒரு வரியும் இல்லை. வண்டியும் டீசலும் கணக்கில் வந்துவிட்டன. அந்த ஆள் மட்டும் எங்கும் வரவில்லை. பேரத்தில் நான் குறைத்த 200 ரூபாயும் அவர் கைக்குப் போக வேண்டிய காசுதான்.

கீழே பேனாவால் 'கட்டுக் கூலி' என்று புதிதாக ஒரு வரி சேர்த்து, அந்த 200-ஐயும், இரண்டாவது நடைக்கான முழு வாடகையில் டீசல் போக மிச்சத்தையும் எழுதினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது. இது என்ன புதுச் செலவு என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். சரி, ஆனால் அவர் கையெழுத்தோடு ரசீது வேண்டும் என்றார்கள்.

பொறையாரில் ஸ்டாண்டுக்கே போய்ப் பணத்தைக் கொடுத்துக் கேட்டேன். எதற்கு என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் வாங்கிக்கொண்டார். வண்டிக்குள் கிடந்த நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஸ்டீயரிங் மேல் வைத்து எழுதிக் கொடுத்தார். தொகை, தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தன. அதற்கு மேலே அவராகவே எழுதியிருந்தார்: "தேக்கு கட்டை 24. நடை 2. சேதம் இல்லை."