குமிழைத் திருப்ப ஒரு கணினி

மாமாவுக்கும் என் சிற்றலை வானொலி ரிசீவருக்கும் நேற்று இரவு நடந்த சண்டையில் ரிசீவர்தான் வென்றது. இதை யாரும் அவரிடம் போட்டுக்கொடுத்துவிட வேண்டாம். ஆட்டம் இன்னும் முடியவில்லை என்பது அவர் கட்சி.

மாமா என்றால் என் மாமனார். கைக்கடிகாரத்தைக் கழற்றி, ரிசீவரை 10 மெகாஹெர்ட்ஸுக்கு, அதாவது 10,000 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்பி, அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து சரியான நேரத்தை ஒலிபரப்பும் டபிள்யூடபிள்யூவி நிலையத்தின் விநாடித் துடிப்போடு முள்ளை ஒப்பிட்டுப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அலை நன்றாக எட்டும் இரவுகளில் அதே இடத்தில் ஹவாயின் டபிள்யூடபிள்யூவிஎச் நிலையமும் சேர்ந்து கேட்கும். ஒவ்வொரு நிமிடமும் ஹவாய் அம்மாள்தான் முதலில் நேரத்தை அறிவிப்பார். ஏழெட்டு விநாடி கழித்துக் கொலராடோ ஐயா அதையே திருப்பிச் சொல்வார். "எந்த வீட்டிலும் இதுதானே வரிசை, மாப்பிள்ளை" என்று அத்தையின் காதில் விழும்படி மாமா பெருமூச்சு விடுவார்.

நேற்று ரிசீவர் கணினியின் பிடியில் இருந்தது. 31 மீட்டர் என்ற சிற்றலைப் பட்டையில் 9400 முதல் 9900 கிலோஹெர்ட்ஸ் வரை ஐந்தைந்தாகத் தாண்டி, ஒவ்வோர் இடத்திலும் மூன்று விநாடி நின்று, அலையின் வலுவை அளக்கும் எஸ் மீட்டர் காட்டுவதைக் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு நகரும்படி நிரலை ஓடவிட்டிருந்தேன். மொத்தம் 101 இடங்கள். ஒரு சுற்று முடிய ஐந்து நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகும்.

மாமா வந்தார், குமிழைப் பிடித்தார், பத்தை நோக்கிச் சுற்றினார். 9700 வந்தது. அதற்குள் மூன்று விநாடி முடிந்துவிட, எண் 9485 ஆகிவிட்டது. மறுபடி சுற்றினார். 9490. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேகமாகச் சுற்றினார். 9495. ஒரு தடவை எப்படியோ 10,000-ஐத் தொட்டுவிட்டார். டிக், டிக் என்று இரண்டு துடிப்பு கேட்டதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும். அடுத்த நொடி எங்கிருந்தோ ஒரு மத்தளக் கச்சேரி.

"மாப்பிள்ளை, உங்கள் ரேடியோவுக்கு மரியாதை தெரியவில்லை."

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை. என் கல்யாணத்துக்குப் பிறகு அவரை யாராவது எதிர்த்து நின்று நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

ரிசீவர்மீது பழி சொல்வதும் நியாயமில்லை. பாவம், அது உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற ஜென்மம். ரிசீவரைக் கணினியிலிருந்து ஆட்டிவைக்க ஐகாம் நிறுவனம் வகுத்த சிஐ-வி முறையில் கணினி முதலில் எஃப்இ, எஃப்இ என்று இரண்டு முறை கூப்பிடும். பிறகு யாருக்கு, யாரிடமிருந்து, என்ன வேலை என்று சொல்லும். அலைவரிசை எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துக் கடைசியிலிருந்து முதலுக்கு அனுப்பும். எஃப்டி என்று முடிக்கும். ரிசீவர் எஃப்பி என்று பதில் அனுப்பினால் சரி என்று பொருள், எஃப்ஏ என்றால் முடியாது. மாப்பிள்ளைகளுக்கு எஃப்ஏ வசதி கிடையாது.

இந்தக் கீழ்ப்படிதலைப் பெறுவதற்குள் நான் பட்ட பாடு வேறு கதை. யூஎஸ்பி கேபிளுக்குள் இருந்த சிப் போலி என்று கணினியின் டிரைவர் மென்பொருள் பேச மறுத்தது. நல்ல கேபிள் வந்ததும், கேபிளை இடம் மாற்றிச் செருகினால் போர்ட் எண் மாறிவிடுகிறது. நேற்றுவரை காம் 5 என்று இருந்தது இன்று காம் 8 என்று வந்து நிற்கும். தகவல் அனுப்பும் வேகம் கணினியில் 9600 பாட் என்றும் ரிசீவரில் 19200 என்றும் இருந்தால் இரண்டும் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சுவார்த்தை போல ஒன்றையொன்று கேட்காமலே பேசிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியான பிறகு வந்தது இரைச்சல். மடிக்கணினியின் மின் அடாப்டர் கிளப்பிய கரகரப்பில் பாதி நிலையங்கள் மூழ்கிவிட்டன. கேபிள்களில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் மாட்டி, ஆன்டெனாவைத் தள்ளிக் கட்டி, ஓரளவு அடக்கினேன். அந்த நாட்களில் மாமா எட்டிப் பார்த்து ஒரே வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்: "கணினியை அணைத்தால் நன்றாகக் கேட்கிறது." உண்மைதான். அதுதான் எரிச்சலே.

நேற்றும் அத்தைதான் சமாதானம் செய்துவைத்தார். நான் நிரலை நிறுத்தி, கணினியிலேயே 10,000 என்று தட்டினேன். ரிசீவர் சட்டென்று அங்கே போய் நின்றது. மாமா கடிகாரத்தை ஒப்பிட்டு முடித்துவிட்டு, கணினியின் கடிகாரத்தையும் உற்றுப் பார்த்தார். அரை விநாடி பின்தங்கியிருக்கிறதாம். வெற்றி பெற்றவர் போலப் படுக்கப் போனார்.

காலையில் புது மனு வந்தது. கணினி அவ்வளவு வேகமாக வேலை செய்வது அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் எண்ணைத் தட்டுவது, மவுஸை உருட்டுவதெல்லாம் ஆண்பிள்ளை வேலை இல்லையாம், கைக்கு ஒரு பிடிமானம் வேண்டுமாம். யூஎஸ்பியில் செருகும் சுழல்குமிழ் ஒன்று இருக்கிறது என்று என் மகன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் சொல்லிவிட்டான். குமிழே இல்லாத ரிசீவர்களைக் கணினியில் ஓட்டுகிறவர்கள் ஆசைக்கு வாங்கிக்கொள்வது அது.

ஆகவே இப்போதைய ஏற்பாடு இது: மாமா குமிழைத் திருப்புவார், குமிழ் கணினிக்குச் சொல்லும், கணினி கேபிள் வழியாக ரிசீவருக்குச் சொல்லும். அந்த ரிசீவரின் முகப்பில், அவர் கைக்கு ஒரு சாண் தூரத்தில், அதைவிடப் பெரிய குமிழ் ஒன்று சும்மா இருக்கும். "ஒலியளவுக்கும் ஒன்று சேர்த்துச் சொல்லிவிடுங்கள் மாப்பிள்ளை" என்கிறார்.

எஃப்பி என்று சொல்லிவிட்டேன்.