ஹோஸ்ட் பக்கம் எட்டாத ஹெல்பர்

ரூபி மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுத உதவும் கட்டமைப்பு ரெயில்ஸ். நான் பார்க்கும் இரண்டு ரெயில்ஸ் அப்ளிகேஷன்களுக்கும் பில் போடும் பகுதி ஒன்றேதான். அதைத் தனி எஞ்சினாக, அதாவது வேறு அப்ளிகேஷன்களுக்குள் பொருத்தக்கூடிய குட்டி அப்ளிகேஷனாகப் பிரித்து 'பில்லிங்' என்று பெயர் வைத்தேன். உள்ளே ஒரு சின்ன ஹெல்பர், அதாவது பக்கங்களிலிருந்து கூப்பிடும் உதவி மெத்தட்: 125000 கொடுத்தால் ₹1,25,000 என்று காட்டும். ரெயில்ஸ் அதன் போக்கில் விட்டால் 125,000 என்றுதான் பிரிக்கும். 5.0 பதிப்பில் வந்த டிலிமிட்டர் பேட்டர்ன் (கமா எங்கே விழ வேண்டும் என்று சொல்லும்) ஆப்ஷனால் நம் லட்சக் கணக்கு ஒரு வரி வேலை.

எஞ்சினின் பக்கங்களில் தொகை சரியாக வந்தது. ஹோஸ்ட்டின், அதாவது எஞ்சினைப் பொருத்திய அப்ளிகேஷனின், முகப்பில் அதே ஹெல்பரைக் கூப்பிட்டால், அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று எரர். பெயர்களைத் தனியாகப் பிரித்து வைக்கும் ஐசொலேட் நேம்ஸ்பேஸ் போட்ட எஞ்சினின் ஹெல்பர்கள் ஹோஸ்ட்டுக்குப் போகாது. அந்தப் பக்கமும் அப்படித்தான்: எஞ்சினுக்குள்ளிருந்து ஹோஸ்ட்டின் லாகின் பக்கத்துக்கு லிங்க் கொடுக்க ஹோஸ்ட்டைக் குறிக்கும் 'மெயின் ஆப்' வழியாகத்தான் போக வேண்டும். இந்தச் சுவர் எனக்குப் பிடிக்கும். ஒரே பெயரில் இரண்டு ஹெல்பர்கள் இருந்தாலும் ஒன்றையொன்று மிதிக்காது.

ஹோஸ்ட்டின் கன்ட்ரோலர்களுக்கெல்லாம் தாய் கிளாஸான அப்ளிகேஷன் கன்ட்ரோலரில், ஹெல்பரைச் சேர்க்கும் ஒரு வரி எழுதினால் முடிந்தது. ஆனால் ஒவ்வொரு அப்ளிகேஷனிலும் கைவைக்க எனக்கு மனமில்லை. எஞ்சினே தன் ஹெல்பரை அங்கே சேர்த்துவிட வேண்டும். அப்ளிகேஷன் தொடங்கும்போது ஒரே முறை ஓடும் இனிஷியலைசரில் எழுத முடியாது. டெவலப்மென்ட்டில் ஃபைலைச் சேமித்ததும் கிளாஸ்கள் புதிதாக உருவாகும், நாம் சேர்த்தது பழைய கிளாஸோடு போய்விடும். ரெயில்ஸ் 7 அதை அனுமதிப்பதே இல்லை, தொடக்கத்திலேயே நேம் எரர் தரும். அதனால் ஒவ்வொரு ரீலோடுக்குப் பிறகும் ஓடும் டு-ப்ரிபேர் பிளாக்கை எஞ்சின் கிளாஸுக்குள் வைத்து, அப்ளிகேஷன் கன்ட்ரோலரில் ஹெல்பரைச் சேர்த்தேன்.

எரர் எதுவும் வரவில்லை. ஹெல்பரும் வரவில்லை!

மதியம் முழுக்க ரூட்ஸ், ஜெம்ஃபைல், கேஷ் என்று தேடினேன். கடைசியில் பிளாக்குக்குள் டெர்மினலில் அச்சிடும் ஒரு புட்ஸ் போட்டு, எந்த கன்ட்ரோலரைத் தொடுகிறேன் என்று பார்த்தேன். டெர்மினலில் வந்த பெயரின் முன்னால் 'பில்லிங்' ஒட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுக்கும் சொந்தமாக ஓர் அப்ளிகேஷன் கன்ட்ரோலர் உண்டு. பில்லிங் மாட்யூலுக்குள் நின்று அந்தப் பெயரைச் சொன்னால், ரூபி முதலில் வீட்டுக்குள் இருப்பதைத்தான் எடுக்கும். ஏற்கெனவே ஹெல்பர் இருந்த கன்ட்ரோலரிலேயே மறுபடி சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயருக்கு முன்னால் டபுள் கோலன் வைத்தேன்; அப்போது ரூபி வீட்டுக்கு வெளியே, மேல்மட்டத்தில் தேடும். அப்புறம் எஞ்சினோடு சோதனைக்காக வரும் டம்மி அப்ளிகேஷனில் ஒரு பக்கம் எழுதி, ஃபைலை இரண்டு முறை சேமித்து ரிஃப்ரெஷ் செய்தேன். இரண்டு முறையும் ₹1,25,000.